பெட்டி கட்டியதிலிருந்து தொடங்காதீர்கள்

சொந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தால், பெரும்பாலும் வீட்டில் கிளம்பியதிலிருந்து ஆரம்பிக்கிறோம். வேண்டாம். ராமேஸ்வரம் போய்வந்த பழைய பயணத்தை எழுதுகிறீர்கள் என்றால், ரயில் பாம்பன் பாலத்தில் ஏறிய நொடியில் தொடங்குங்கள்: இரண்டு பக்கமும் கடல், பேச்சு அடங்கிப்போன பயணிகள், ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்த பாட்டியின் கை. 'பாட்டி பயந்தார்' என்று தனியாக எழுதவே வேண்டாம், அந்தக் கை சொல்லிவிடும்.

அந்தப் பாலம் 1914-இல் திறந்தது, நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல், 2025-இல் பக்கத்திலேயே புதுப் பாலம் வந்துவிட்டது என்ற தகவல்களையெல்லாம் முதல் பத்தியிலேயே கொட்டிவிடாமல், பாட்டி "இன்னும் எம்புட்டுத் தூரம்டா?" என்று கேட்கிற இடத்துக்குப் பிறகு வைத்துப் பாருங்கள், வாசகருக்கும் அப்போது அதே கேள்வி இருக்கும், எண்கள் சுமையாகத் தெரியாது.

அப்புறம், அந்த 'எம்புட்டு'வைத் திருத்தாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த உத்தி இதுதான், ஒரே சொல்லில் ஆள் முழுசாக வந்து நின்றுவிடுவார்.

எழுதி முடித்ததும் சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.