பொலன்னறுவை பக்கத்தில்தானே என்று புறப்படுகிறவர்களுக்கு

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எங்களில் பலர் பழைய தலைநகரான பொலன்னறுவையைப் பார்த்தது பாடசாலைச் சுற்றுலாவில்தான். பஸ்ஸில் பாடிய பாட்டு நினைவிருக்கும், பாறையில் புத்தர் சிலைகள் செதுக்கிய கல் விகாரையில் வரிசையாக நின்றது நினைவிருக்கும். மற்றதெல்லாம் ஒரே செங்கற்குவியல். அதற்குப் பிறகு, "அது எங்கே ஓடிப்போகிறது, பக்கத்தில்தானே" என்று இருபது வருடம் போய்விடும். கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கினால்தான் வான் பிடிப்போம். அந்தப் "பக்கத்தில்தானே" என்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அது பெற்ற பிள்ளைகள்.

கந்தளாய், ஹபரணை, மின்னேரியா வழியாகச் சுமார் 130 கிலோமீட்டர். வானில் போனாலும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. விடிய ஆறு மணிக்கு என்று பேசி, எட்டரைக்குப் புறப்பட்டு, கந்தளாயில் தேநீருக்கு இறங்கினால், போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் நிற்கும். விகாரைகளுக்குள் செருப்போடும் தொப்பியோடும் போக முடியாது. போனமுறை வட்டதாகே என்ற வட்டமான புத்த ஆலயத்தின் படியில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். படியடியில் உள்ள அரைவட்டச் சிற்பக்கல்லான சந்திரவட்டக்கல்லைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் அம்மா சேலைக் கரையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஒரு தூணின் நிழலிலிருந்து அடுத்த தூணின் நிழலுக்குக் குதிகாலில் ஓடினார். அவ்வளவு அழகான காவற்கற்களை அன்று யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் கீழே நிழலைத்தான் தேடினோம். தடித்த காலுறை ஒரு சோடி பையில் இருந்திருந்தால் போதும். அதைவிட நல்லது, அந்த நேரத்தில் அங்கே இல்லாமல் இருப்பது.

என் கணக்கு இது: சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் இடிபாடுகளுக்குள் நுழையவே வேண்டாம். பின்னேரம் பராக்கிரம சமுத்திரம் என்ற பெரிய குளத்தின் அணைக்கட்டில் காற்று வாங்குங்கள். தெற்கே பொத்குல் விகாரைப் பக்கம், பாறையில் செதுக்கிய ஆளுயரத்துக்கு மேற்பட்ட சிலை ஒன்று நிற்கிறது. முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் உருவம் என்று பரவலாகச் சொல்வார்கள். கையில் இருப்பது ஓலைச்சுவடியா, நுகமா என்று இன்னும் வாதாடுகிறார்கள். பழைய நகரை ஞாயிறு காலை திறந்ததும் தொடங்கி, பதினொரு மணியளவில் முடித்து, வெயிலுக்கு அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்குங்கள். கூரை இழந்த கட்டடங்கள் அந்நாளில் எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகள் அங்கே உண்டு. அவற்றை முதலில் பார்க்க வேண்டும் என்பார்கள் சிலர். எனக்கு அது மதிய வெயிலுக்கு ஒளிய நல்ல இடம்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த உறவினர்கள் கூட இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் பேசினாலும் வேட்டி கட்டியிருந்தாலும், அவர்கள் வெளிநாட்டவருக்கான டிக்கெட்தான் எடுக்க வேண்டும். அதன் விலை சிறியதல்ல. "எங்கள் ஆள்தானே" என்று வாசலில் வாதாடிக் குடும்பமே முகம் சிவந்து நின்றதைக் கண்டிருக்கிறேன். நீங்களும் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் செய்வது வேறு தவறு. ஹபரணைப் பக்கமிருந்து வரும் பஸ் முதலில் பழைய நகரைத் தொட்டு, பிறகுதான் கதுருவெலைக்குப் போகும். பெரிய பஸ் நிலையமும் புகையிரத நிலையமும் கதுருவெலையில் இருப்பதால் பலர் அங்கே போய் இறங்கி, ஓட்டோவுக்குக் காசு கொடுத்துத் திரும்பி வருகிறார்கள். நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புகையிரதம் என்றால் கல் ஓயாச் சந்தியில் மாற வேண்டும். மட்டக்களப்புப் பாதை அங்கேதான் பிரிகிறது. அங்கே காத்திருக்கும் நேரத்தை இரண்டு நாள் பயணத்தில் கொடுக்க எனக்கு மனம் வராது.

இனி, எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற தவறு. எங்கள் ஆட்கள் கல் விகாரைக்குப் போய், படுத்த நிலையில் உள்ள 14 மீற்றர் நீளச் சிலையைப் பார்த்து (புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கவே கூடாது, பிள்ளைகளுக்கு வானிலேயே சொல்லி வையுங்கள்), வட்டதாகேயையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தமிழ் எழுத்து இருக்கிற கற்களை யாரும் தேடுவதில்லை.

993 அளவில் அநுராதபுரத்தை வீழ்த்திய சோழர், பொலன்னறுவையைத்தான் தங்கள் தலைநகராக்கி, சனநாதமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். 1070இல் சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றும்வரை அப்படித்தான். அந்தக் காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் என்ற சிவன் கோயில், இராசராசனின் தேவியும் இராசேந்திரனின் தாயுமானவளின் பெயர் தாங்கியது. அடியிலிருந்து முடிவரை கல். செங்கல் நகரத்தில் அது ஒன்று மட்டும் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிறு கோயில்போல நிற்கிறது. பெயர்ப்பலகையில் இரண்டாம் இலக்க சிவதேவாலயம் என்றிருக்கும். வட்டதாகே இருக்கும் நாற்கோண முற்றத்தைக் கடந்து, பபலு விகாரைக்குப் பிரியும் கிளைப்பாதையில் போக வேண்டும். நேர் வீதியில் விரைந்தால் கண்ணில் படாது.

சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, சோழ மன்னன் அதிராசேந்திரன் காலத்தது உட்பட. நடுப்பகலில் போனால் எழுத்து எதுவும் தெரியாது. வெளிச்சம் சாய்வாக விழும் காலையில் கன்னத்தைச் சுவரோடு வைத்துப் பாருங்கள். பள்ளங்கள் நிழல் பிடித்து எழும்பும். அந்நாளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. அது தெரியாமல் படித்தால் நாக்கு சிக்கும், தெரிந்தால் ஒரு சொல்லாவது பிடிபடும். சுண்ணக்கட்டி தேய்த்தோ தண்ணீர் தெளித்தோ படிக்க முயல வேண்டாம்; கல் தாங்காது. நாற்கோண முற்றத்துக்குள்ளேயே, அட்டதாகேயின் அருகில், தமிழில் பொறித்த வேளைக்காரர் கல்வெட்டும் நிற்கிறது. புத்தரின் பல் இருந்த தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று தமிழ்ப் படையினர் கொடுத்த உறுதி அது. பக்கத்திலிருக்கும் கல்பொத்தவை, அதாவது நிசங்கமல்ல மன்னனின் பெரிய கல்வெட்டை, சுற்றி எப்போதும் கூட்டம். வேளைக்காரர் கல்வெட்டின் முன்னே ஆள் நின்று நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். பார்சலை இடிபாடுகளுக்குள் விரிக்காதீர்கள். இங்குள்ள செங்குரங்குகளை 1968 முதல் ஆய்வாளர்கள் கவனித்து வருகிறார்களாம். அவை எங்களைக் கவனிப்பது அதைவிடக் கூர்மை. மச்சாள் இடியப்பப் பார்சலின் நூலை அவிழ்த்து முடிக்கும்வரை ஒன்று பொறுமையாகச் சுவரில் இருந்தது. அவிழ்த்ததும் வந்தது. சம்பல் மட்டும் மிச்சம்.

ஓகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாவில் யானைகள் கூடுமே என்று அதே பின்னேரத்தில் ஜீப் பயணத்தையும் செருகாதீர்கள், இரண்டும் அரைகுறையாகும். யானையைக் காட்டில் பார்ப்பது வேறு, இருட்டில் வீதியில் சந்திப்பது வேறு. மின்னேரியாவிலிருந்து ஹபரணைவரையும், அங்கிருந்து கந்தளாய்ப் பக்கமும் அவை வீதியைக் கடக்கும். மோட்டார் சைக்கிளில் வருகிற இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். ஞாயிறு இரண்டரை மணிக்காவது புறப்படுங்கள். கந்தளாயில் நின்று ஒரு தேநீர் குடித்தாலும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.