கனலெட்டோவின் கல்லறைக் காட்சி: பார்வை சறுக்கும் இடங்கள்

வெனிஸ் ஓவியர் கனலெட்டோவை எண்ணெய் வண்ண ஓவியங்களுக்காகத்தான் பலருக்கும் தெரியும். 1735க்கும் 1746க்கும் இடையில் அவர் 30க்கு மேற்பட்ட எட்சிங்குகளும் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் படங்கள்) போட்டார். அவற்றில் ஒன்று, ஓர் ஊரும் ஆயர் (பிஷப்) ஒருவரின் கல்லறையும் தெரியும் சந்தடியில்லாத காட்சி.

பார்த்ததும் 'இது எந்த ஊர்?' என்று தேடக் கிளம்பிவிடாதீர்கள். தொகுப்பின் முகப்பிலேயே அவர் சொல்லிவிட்டார்: சில காட்சிகள் இடத்தைப் பார்த்து வரைந்தவை, மற்றவை மனதில் கட்டியவை. இது இரண்டாவது ரகம்.

'செதுக்கியிருக்கிறார்' என்று எழுதுவது அடுத்த சறுக்கல். செதுக்கினால் உளி செம்பையே தோண்டும். கோடு விறைப்பாக வரும். எட்சிங்கில் செப்புத் தகட்டின் மேல் மெழுகு பூசி, அதை ஊசியால் கீறுவார்கள். பிறகு அமிலத்தில் போட்டால், மெழுகு விலகிய இடத்தை அது அரிக்கும். ஊசி மெழுகில் வழுக்கிக்கொண்டு போவதால், பேனாவில் எழுதுவதுபோல் கை தளர்ந்து ஓடும். கனலெட்டோவின் வானத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கிட்டத்தட்ட கிடையாக, லேசாக நடுங்கும் கோடுகள். வெயில் எங்கே என்றால், கோடே போடாமல் விட்ட வெறும் தாளில். நிழலை மட்டும் பார்த்துவிட்டு 'சோகமான படம்' என்பவர்கள் இந்த வெயிலைக் கோட்டை விடுகிறார்கள்.

கல்லறை என்றதும், தேவாலயத் தோட்டத்தில் வரிசையாகச் சிலுவைகள் நடப்பட்ட இடத்தைக் கற்பனை செய்வதும் பிழைதான். அன்றைய இத்தாலிய நகரங்களில் பலரைத் தேவாலயத் தளத்துக்கு அடியில்தான் புதைத்தார்கள். ஊருக்கு வெளியே இடுகாடு என்ற ஏற்பாடு நெப்போலியன் ஆட்சியின் 1804ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகே அங்கே பரவியது. வெளியே தனித்து நிற்பவை பெரும்பாலும் பெரிய மனிதர்களின் நினைவுச் சின்னங்கள். வெரோனாவில் அந்நகரை ஆண்ட ஸ்காலிகேர் குடும்பத்தாரின் கல்லறைகள் இன்றும் தேவாலயத்துக்கு வெளியேதான் நிற்கின்றன.

கனலெட்டோவின் இயற்பெயர் அந்தோனியோ கனல். கையெழுத்தில் 'ஏ. கனல் எஃப்.' என்றிருந்தால், அந்த எஃப் பெயரின் துண்டு அல்ல. 'செய்தார்' என்னும் லத்தீன் சொல்லின் சுருக்கம். அவருடைய சகோதரியின் மகன் பெல்லோட்டோவும் கனலெட்டோ என்றே சொல்லிக்கொண்டவர், எட்சிங்கும் போட்டவர். குழப்பம் அங்கே சகஜம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. தகடு செய்த ஆண்டும் தாளில் அச்சான ஆண்டும் ஒன்றல்ல. அதே நூற்றாண்டின் இன்னொரு எட்சிங் கலைஞர் பிரானேசி 1778இல் இறந்த பிறகும் அவருடைய தகடுகள் பாரிசுக்குப் போய் அச்சாகிக்கொண்டிருந்தன. தாளில் தகடு அழுந்திய விளிம்புத் தடம் இல்லையே என்று போலி முத்திரை குத்திவிடவும் வேண்டாம். பழைய சேகரிப்பாளர்கள் ஓரத்தை நறுக்கி ஆல்பத்தில் ஒட்டும் வழக்கம் உள்ளவர்கள்.