டர்பன்ல இருந்தே லெங்காவு சூப்பர்கம்ப்யூட்டர்ல ஜாப் (கணக்கு வேல) ஓட்டுறது எப்படி

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் மாஸ்டர்ஸ், பிஎச்டி பண்ற நம்ம புள்ளைங்க ராத்திரி பூரா லேப்டாப்ப ஓடவிட்டு கஷ்டப்படுறாங்க, ஆனா கேப் டவுன்ல தென்னாப்பிரிக்க அரசாங்க சூப்பர்கம்ப்யூட்டர் மையம் சிஎச்பிசி இருக்கு, அங்க 2016ல வந்த லெங்காவுங்கிற சூப்பர்கம்ப்யூட்டர்ல யுனிவர்சிட்டி ஆராய்ச்சிக்கு காசே கிடையாது. மக்கள் வரிப்பணத்துல கட்டுனது, தயவுசெஞ்சு கேட்டு வாங்குங்க.

மொதல்ல சூப்பர்வைசர புடிங்க. அவர்தான் ஆராய்ச்சித் திட்டத்த பதிவு பண்ணி சிபியு நேரம் (கம்ப்யூட்டர் ஓட்டுற நேரம்) கேக்கணும், அது ஓகே ஆனப்புறம்தான் அவருக்குக் கீழ நீங்க சேர முடியும். இதுக்கு நாள் ஆகும், அதனால ரிசல்ட் தேவைப்படுற மாசத்துல போய் நிக்காதீங்க.

என்ன ஓட்டலாம்? வானியல், மருந்து மட்டும்தான்னு நெனைக்காதீங்க. 1860ல இருந்து 1911 வரைக்கும் இந்தியாவுல இருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா கப்பல்ல வந்த ஏறக்குறைய 1,52,000 பேரோட பட்டியல எடுத்துக்கங்க, க்ளார்க்குங்க காதுல விழுந்தபடி எழுதுனதால முனுசாமிங்கிற ஒரே பேரு முன்சாமி, மூன்சாமின்னு எப்படி எப்படியோ கெடக்கும், ஒவ்வொரு பேரையும் மத்த எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாக்கணும்னா 1,155 கோடி ஜோடி வருது. ஒரு ஜோடிக்கும் இன்னொரு ஜோடிக்கும் சம்பந்தமே இல்லாததால இத துண்டு துண்டா பிரிச்சுக் குடுக்கலாம், லெங்காவுல சாதாரண நோடு (உள்ள இருக்கற தனித்தனி கம்ப்யூட்டர்) ஒண்ணுல 24 கோர் (தனித்தனியா கணக்குப் போடுற பகுதி) இருக்கு, 24 துண்டும் ஒரே நேரத்துல ஓடும். நம்ம குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு யோசிச்சுப் பாருங்க!

லாகின் பண்ணதும் அந்த லாகின் நோடுலயே ப்ரோக்ராம ஓட்டிறாதீங்க, அது எல்லாருக்கும் பொது வாசல். எந்த ஜாப் எப்ப ஓடணும்னு பிரிச்சுக் குடுக்குற மென்பொருள் பிபிஎஸ், அதுக்கு ஸ்க்ரிப்ட் எழுதி க்யூவுல போடணும். மொதல்ல 1,000 பேர வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, பேரு 10 மடங்கு கூடுனா ஜோடி 100 மடங்கு கூடும், அந்தக் கணக்குல வால்டைம் (ஜாப் ஓட அதிகபட்ச நேரம்) கேளுங்க, கம்மியா கேட்டா ஜாப் பாதியில செத்துரும், ரொம்ப அதிகமா கேட்டா க்யூவுல காத்துக் கெடக்கணும். 24 கோர் 10 மணி நேரம் ஓடுனா திட்டத்துல இருந்து 240 கோர்-மணி போயிரும், கூட இருக்கற மாணவர்களோட பங்கும் அதுலதான் இருக்கு. நடுநடுவுல ரிசல்ட்ட ஃபைல்ல எழுதிக்கிட்டே வாங்க.

பெரிய டேட்டாவ கேம்பஸ்ல இருந்தே அனுப்புங்க, யுகேஇசட்என் (க்வாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டி), டியுடி (டர்பன் டெக்னாலஜி யுனிவர்சிட்டி) ரெண்டும் ஆராய்ச்சிக்கான சான்ரென் நெட்வொர்க்குல இருக்கு. லெங்காவுல ஜாப் ஓட்டுற தற்காலிக எடம் லஸ்டர் டிஸ்க், அதுல வேல நடக்குற ஃபைல மட்டும் வைங்க, 90 நாள் தாண்டுனா அழிச்சிருவாங்க, பேக்கப்பும் கெடையாது, ஜாப் முடிஞ்ச அன்னைக்கே எறக்கிருங்க.

முடிஞ்ச டேட்டாவ டிரிசாவுல (நாட்டோட ஆராய்ச்சி டேட்டா சேமிப்பு சேவை) சேத்து வெச்சா அடுத்தவங்களும் எடுத்துக்கலாம். பழைய பட்டியலோட உயிரோட இருக்கறவங்க பேரு, பேட்டி எதாவது சேந்திருந்தா போபியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அவங்க சம்மதமும் யுனிவர்சிட்டி எதிக்ஸ் கமிட்டி அனுமதியும் கையில இல்லாம அந்தப் பகுதிய ஏத்தாதீங்க.