துருப்பிடித்த மண்வெட்டியில் சிட்டுக்குருவி வரைவது எப்படி?

பழைய இரும்புக்கடையில் எடைபோட்டு வாங்கிய, காம்பு கழன்ற மண்வெட்டித் தகடு. அதன்மேல் நிஜக் குருவி வந்து உட்கார்ந்த மாதிரி ஓவியம். என் முதல் குருவிக்கு நான்கே நாளில் மார்பெல்லாம் அம்மை போட்டதுபோல ஆரஞ்சுப் புள்ளிகள் வந்துவிட்டன. இரண்டாவதுதான் தேறியது.

முதலில் கம்பி ப்ரஷால் உதிர்கிற துருவைத் தேய்த்தெடுங்கள். அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள். பளபளக்கும்வரை போராட வேண்டாம். தடவினால் விரலில் பொடி ஒட்டக்கூடாது, அவ்வளவுதான். தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

நான் சறுக்கியது இதற்கடுத்துத்தான். கேன்வாஸுக்கு அடிப்பூச்சாகப் பூசும் வெள்ளை ஜெஸ்ஸோவை வெறும் இரும்பின் மேல் பூசிவிட்டேன். ஜெஸ்ஸோவில் தண்ணீர் இருக்கிறது. அது காய்வதற்குள் அடியில் இரும்பு துருவேறி, அந்தச் சாயம் வெள்ளைக்குள் ஊறி மேலே வந்துவிடுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் மறையவில்லை. ஆகவே முதல் பூச்சு, ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு ப்ரைமர்தான். மெல்லிசாக இரண்டு கோட், நடுவே ஒரு நாள். பிறகு இரண்டு நாள் காயவிட்டு, 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே தீட்டும் அக்ரிலிக் பெயின்ட் தோல்போல உரிந்து வரும்.

குருவி வரைந்த தாளின் பின்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, தகட்டில் வைத்து, படத்தின் கோடுகள்மேல் அழுத்தி வரையுங்கள். குருவியின் உருவத்துக்குள் மட்டும் ஜெஸ்ஸோ. மற்ற இடம் ப்ரைமர் நிறத்திலேயே இருக்கட்டும், பார்க்கத் துருவைப் போலவே இருக்கும்.

ஆண் குருவிக்கு உச்சந்தலை சாம்பல், கண்ணுக்குப் பின்னால் செம்பழுப்பு, தொண்டை கறுப்பு. கறுப்பு டியூபை நான் தொடுவதில்லை. அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் அதைவிட நல்ல கறுப்பு கிடைக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் சற்று இருளும், கலவை ஒரு படி வெளிறலாகவே இருக்கட்டும்.

இறகுக்கு இறகு மெனக்கெடாதீர்கள். குருவியைத் தகட்டில் உட்கார வைப்பது நிழல். அதே நீலப் பழுப்புக் கலவையைக் கிளேசிங் மீடியத்தில் (நிறத்தைக் கண்ணாடிபோல மெல்லிசாக்கும் திரவம்) கரைத்து, காலடியில் அழுத்தமாகவும் விலக விலக மங்கலாகவும் பூசுங்கள். எந்தச் சுவரில் மாட்டுவீர்களோ, அங்கே வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிராக விழட்டும். கடைசியில் மேட் வார்னிஷ்.

பின்சேர்க்கை: கடலோர ஊரில் இருக்கும் வாசகர் ஒருவருக்கு ஒரே மாதத்தில் ஓரங்களிலிருந்து துரு ஏறிவிட்டதாம். பின்பக்கத்துக்கும் ப்ரைமர் அடிக்க வேண்டும் என்று எழுத மறந்தது என் தவறு. காம்பு செருகும் துளைக்குள்ளும் அடியுங்கள். பெயின்ட் ப்ரஷ் அங்கே நுழையாது, பழைய டூத்பிரஷ் நுழையும்.