தினமும் இடுப்பில் வைத்துப் போக மேக்னம் ரிவால்வர்: எதைப் பார்த்து வாங்குவது?

மறைத்து எடுத்துப் போக ஒரு மேக்னம் ரிவால்வர், அதாவது வலுவான தோட்டாவைச் சுடும் சுழல் துப்பாக்கி, வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? கடைக்குப் போகும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரலில் (குழலில்) என்ன கேலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா என்று பொறித்திருக்கிறது என்பதை விட, துப்பாக்கியின் எடையும் அதன் கைப்பிடி உங்கள் கைக்குள் உட்காரும் விதமும்தான் முக்கியம். சுட வேண்டிய நேரத்தில் குறி தப்பாமல் சுடுவீர்களா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. கடையில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் கேலிபர், அப்புறம் இருப்பதிலேயே இலேசான மாடல். அப்படி வாங்கிய துப்பாக்கி ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) ஒரு முறை கையைப் பதம் பார்த்ததும் அலமாரிக்குள் போய்விடும்.

நான் எழுதுவது அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. அதனால் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள், ஏனென்றால் இதில் தவறினால் அது குற்ற வழக்கு, குடியேற்றமும் கெட்டுவிடும். கிரீன் கார்டும் குடியுரிமையும் உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இப்போது பர்மிட் இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம் என்பது உண்மைதான். இருந்தாலும் பர்மிட் வாங்கிவிடுங்கள். பக்கத்து மாநிலத்துக்கு வண்டி ஓட்டிப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் செல்லாது. நியூயார்க் வேறு எந்த மாநிலத்தின் பர்மிட்டையும் ஏற்பதில்லை. அப்புறம், எந்தப் பர்மிட் இருந்தாலும் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குள்ளோ தபால் அலுவலகத்துக்குள்ளோ எடுத்துப் போகக்கூடாது.

சரி, கேலிபர். மேக்னம் என்ற பெயரில் பல தோட்டாக்கள் இருந்தாலும் தினசரி எடுத்துப் போக நினைப்பவருக்கு நான் சொல்வது .357 மட்டும்தான். 1935-இல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து கொண்டு வந்தது இது. .38 ஸ்பெஷல் தோட்டாவின் உறையைக் கிட்டத்தட்ட 3.4 மில்லிமீட்டர் நீளமாக்கி, அழுத்தத்தை மிக அதிகமாக ஏற்றினார்கள். உறையை நீளமாக்கியதற்குக் காரணமே பழைய .38 ரிவால்வர்களுக்குள் அது போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதுதான். அதனால் நமக்குக் கிடைத்த லாபம் பெரியது: .357 ரிவால்வரில் .38 ஸ்பெஷலையும் தாராளமாகச் சுடலாம், .38 ரிவால்வரில் மட்டும் .357-ஐப் போட முடியாது. பயிற்சிக்கு மென்மையான .38, எடுத்துப் போக அதை விடக் கொஞ்சம் வலுவானது, காட்டுப் பக்கம் போனால் முழு மேக்னம் என்று ஒரே துப்பாக்கியில் எல்லாம் நடக்கும்.

மற்றவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். .44 மேக்னம் கரடி உலாவும் இடத்தில் நடப்பவர்களுக்கு. நகரத்தில் சட்டைக்குள் வைத்துத் திரிய அது தேவையே இல்லை. .41 மேக்னம் நல்ல தோட்டாதான், ஆனால் சிறிய ரிவால்வரும் கிடைக்காது, தோட்டாவும் எளிதில் கிடைக்காது. .22 மேக்னத்தில் உதை (சுடும்போது துப்பாக்கி பின்னால் தள்ளும் வேகம்) மிகக் குறைவு, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் அந்த வகைத் தோட்டாவின் விளிம்பை அடித்துத் தீப்பிடிக்க வைக்க வேண்டியிருப்பதால் ட்ரிகர் பெரும்பாலும் கனமாகவே இருக்கும், வெடிக்காமல் போகும் வாய்ப்பும் அதிகம். .327 ஃபெடரல் மேக்னம் எனக்கு உண்மையாகவே பிடித்த ஒன்று. .357-இல் ஐந்து தோட்டா கொள்ளும் அளவுச் சிலிண்டரில் (தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையில்) இது ஆறு கொள்ளும், உதையும் குறைவு. பக்கத்துக் கடையில் இந்தத் தோட்டா எப்போதும் இருக்குமா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி எடை. முழு மேக்னம் தோட்டாவின் உதையைத் தாங்கிக்கொள்வதற்கு இரண்டே வழிதான், ஒன்று துப்பாக்கியின் கனம் அதை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லை உங்கள் கை வாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி என்ற ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய மாடல் சுமார் 330 கிராம்தான். கையில் எடுத்தால் ஏதோ காலி டப்பாவைத் தூக்கியது போல இருக்கும், கடையில் நின்று பார்க்கும்போது ஆசையாகவும் இருக்கும். ஆனால் அதன் பேரலில் ஒரு எச்சரிக்கை பொறித்திருப்பதைப் பாருங்கள்: 120 கிரெய்னுக்கு (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குறைந்த எடையுள்ள குண்டு கொண்ட மேக்னம் தோட்டாவைப் பயன்படுத்தாதே என்று. காரணம், அப்படிப்பட்ட தோட்டாக்கள் அதன் டைட்டானியம் சிலிண்டரைச் சீக்கிரம் அரித்துவிடும். அது போக இன்னொரு பிரச்சினையும் உண்டு: இவ்வளவு இலேசான துப்பாக்கி பின்னால் துள்ளும் வேகத்தில், சிலிண்டரில் மிச்சம் இருக்கும் தோட்டாக்களின் உறையிலிருந்து குண்டு மெல்ல மெல்ல முன்னால் நழுவி வெளியே வரும். போதுமான அளவு வந்துவிட்டால் அது துப்பாக்கியின் சட்டத்தில் (ஃப்ரேமில்) முட்டி சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். ரிவால்வர் சிக்காது என்று நம்பி வாங்கியவருக்கு இதை விட மோசம் ஒன்றும் இல்லை. எனவே இலேசான ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்ய வேண்டும். சிலிண்டரை நிரப்பி, கடைசித் தோட்டா ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சுடுங்கள், பிறகு அந்த மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்துப் புதியதன் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு வேண்டாம், அந்த மிச்சத்தையும் சுடாமல் ஒதுக்கி வையுங்கள்.

அதற்கு அடுத்த படியில் ரூகர் எல்சிஆர் .357, சுமார் 485 கிராம். ட்ரிகர் அருமையாக இருக்கும், ரப்பர் கைப்பிடியும் நல்லது, ஆனாலும் முழு மேக்னம் போட்டுச் சுட்டால் ஒரு சிலிண்டரோடு போதும் என்று தோன்றும். என் கருத்தில் தினசரிக்கு ஏற்ற இடம் 650-இலிருந்து 800 கிராமுக்குள், எஃகுச் சட்டம் கொண்டவை. கிம்பர் கே6எஸ் 2 இன்ச் சுமார் 650 கிராம், ஆறு தோட்டா. ரூகர் எஸ்பி101 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல், ஐந்து தோட்டா, உழைப்பில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. கோல்ட் கிங் கோப்ரா 3 இன்ச் 800-ஐ நெருங்கும், ஆறு தோட்டா. இந்த எடையை ஒரு நல்ல பெல்ட் நாள் முழுக்கத் தாங்கும், கையும் நான்கைந்து மேக்னத்தைப் பிரச்சினை இல்லாமல் தாங்கும். ஸ்மித் அண்ட் வெஸன் 686 ப்ளஸ் மாதிரி ஏழு தோட்டா, ஒரு கிலோவுக்கு மேல் என்று போனால் சுடுவதற்குச் சுகம்தான், ஆனால் சிலிண்டர் அகலமே கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர். கோட்டு போடும் பழக்கம் இல்லாதவருக்கு மறைப்பது கஷ்டம்.

பேரல் நீளத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, 3 இன்ச். மறைப்பதில் பிரச்சினை தருவது பேரல் இல்லை, சிலிண்டரின் அகலமும் கைப்பிடியின் நீளமும்தான். பேரல் பேண்டுக்குள் போய்விடுகிறது. குட்டைப் பேரலில் மேக்னத்தின் வெடிமருந்து முழுசாக எரிந்து வேகம் கொடுப்பதற்குள் குண்டு வெளியே வந்துவிடும், மிச்சம் பெரிய தீப்பிழம்பாகவும் காதைக் கிழிக்கும் சத்தமாகவும் போகும். 4 இன்ச்சிலிருந்து 2 இன்ச்சுக்கு இறங்கும்போது வினாடிக்கு 200 அடி வரை வேகம் குறையலாம், சில தோட்டாக்களில் அதற்கு மேலும். இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை. 2 இன்ச் மாடல்கள் பலவற்றில் சுட்ட உறைகளைத் தள்ளும் கம்பியும் குட்டையாக இருக்கும், நீளமான .357 உறைகளை அது முழுசாக வெளியே தள்ளாது. துப்பாக்கியின் வாயை நேரே மேல் நோக்கிப் பிடித்து, கம்பியை உள்ளங்கையால் ஒரே தட்டாகத் தட்டினால்தான் விழும். 3 இன்ச் மாடல்களில் பெரும்பாலும் முழு நீளக் கம்பி வந்துவிடுகிறது.

பாக்கெட்டில்தான் வைப்பேன் என்பவர்கள் மட்டும் 2 இன்ச்சுக்குப் போங்கள், அப்போது ஹேமர் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல்) வெளியே நீட்டாத மாடலாகப் பாருங்கள். வெளியே நீட்டிய ஹேமர் துணியில் மாட்டும். இப்படிப்பட்ட மாடலில் ட்ரிகரை முழுசாக இழுத்துத்தான் சுட முடியும் என்று சிலர் குறையாகச் சொல்வார்கள். தற்காப்புக்கு எப்படியும் அப்படித்தான் சுட வேண்டும், அப்படியே பழகுங்கள். பதற்றத்தில் ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்துவிட்டால் ட்ரிகர் மிக இலேசாகிவிடும், விரல் பட்டாலே வெடிக்கும்.

ட்ரிகரைப் பார்க்கும் விதம்: துப்பாக்கி காலி என்பதைக் கடைக்காரரும் நீங்களும் சிலிண்டரைத் திறந்து பார்த்த பிறகு, அவரிடம் கேட்டுக்கொண்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி மெல்ல இழுங்கள். முன் சைட் (பேரல் நுனியில் உள்ள குறிமுனை) ஆடாமல் இழுக்க முடிகிறதா? சுட்டுவிரலின் முதல் மூட்டு அருகில் ட்ரிகர் வசதியாக உட்கார வேண்டும். விரல் எட்டாமல் கையைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால், எவ்வளவு பேர் பெற்ற மாடலாக இருந்தாலும் அது உங்களுக்கு இல்லை. சுண்டுவிரல் கைப்பிடிக்குக் கீழே தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் உதை இரட்டிப்பாகத் தெரியும், கொஞ்சம் பெரிய ரப்பர் கைப்பிடி மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும். வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்ச் இருந்தால் வாங்கும் முன் அங்கே போய்விடுங்கள். 7 கெஜத்தில் ஒரு காகிதத் தட்டை மாட்டி, எடுத்துப் போகப் போகும் அதே தோட்டாவில் ஒரு சிலிண்டரைச் சற்று வேகமாகச் சுடுங்கள். எல்லாம் தட்டுக்குள் விழவில்லை என்றால் தோட்டாவை மென்மையாக்குங்கள், அப்படியும் விழவில்லை என்றால் கனமான ரிவால்வரைக் கேளுங்கள்.

தோட்டா விஷயத்தில் பெயருக்காக முழு மேக்னத்தைத் திணிக்கத் தேவையில்லை. 2 இன்ச்சுக்கு என்றே தயாரித்த 135 கிரெய்ன் ஸ்பியர் கோல்ட் டாட் ஷார்ட் பேரல், .38 ப்ளஸ் பி-யிலும் (சாதாரண .38-ஐ விட அழுத்தம் கூடியது) .357-இலும் கிடைக்கிறது, இரண்டுமே நல்ல தேர்வு. எதுவானாலும் முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் வகையாக இருக்கட்டும், உருண்டை முனைக் குண்டு ஆளைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்பவர் மேல் பாயும் ஆபத்து அதிகம். .38-ஐயே நிறையச் சுட்டுப் பழகுபவர்கள் சிலிண்டரின் ஒவ்வொரு அறைக்குள்ளும் அந்தக் குட்டை உறை முடியும் இடத்தில் ஒரு கரி வளையம் படியும் என்பதை மறக்கக்கூடாது. தேய்த்து எடுக்காமல் விட்டால் நீளமான .357 தோட்டா உள்ளே போகாமல் முரண்டு பிடிக்கும். வெண்கலப் பிரஷ்ஷும் கரைப்பானும் போதும், ஒவ்வொரு தடவை ரேஞ்சிலிருந்து வந்ததும் செய்துவிடுங்கள். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் .357-ஐச் சுடவே வேண்டாம், அதன் சத்தம் 160 டெசிபலைத் தொடும், மூடிய ரேஞ்சில் காது அடைப்பானும் அதன் மேல் காது உறையும் இரண்டும் போடுங்கள்.

பழைய ரிவால்வர் வாங்குகிறீர்கள் என்றால் கவனம் இரண்டு மடங்கு தேவை. காலி என்று உறுதி செய்த பிறகு ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள், ஹேமர் நிற்கும் முன்பே சிலிண்டர் தன் இடத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் இதைப் பாருங்கள். மூடிய சிலிண்டரை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், தெளிவாக ஆடினால் தேய்மானம். பேரலின் பின்முனை, சிலிண்டருக்கு எதிரே இருக்கும் பகுதியை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய மாடல் 19-இல் அந்த இடத்தின் அடிப்பக்கம் தட்டையாகச் செதுக்கப்பட்டு மெல்லியதாக இருக்கும், 125 கிரெய்ன் முழு மேக்னம் நிறையச் சுட்டவற்றில் அங்கே விரிசல் விட்டிருக்கலாம். விரிசல் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.

ஹோல்ஸ்டருக்கு (துப்பாக்கி உறைக்கு) காசு ஒதுக்காமல் துப்பாக்கி வாங்காதீர்கள். ட்ரிகர் பகுதியை முழுசாக மூட வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் திறந்தே இருக்க வேண்டும், உங்கள் மாடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பாக்கெட்டில் வைத்தாலும் ஹோல்ஸ்டர் வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவியோ பேனாவோ வேறு எதுவுமோ இருக்கக்கூடாது. உள்ளே வைக்கும்போது அவசரம் வேண்டாம், சட்டை நுனி மாட்டிக்கொள்ளவில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள். மாற்றுத் தோட்டாவுக்கு ஸ்பீட் லோடர் (சிலிண்டரை ஒரே தடவையில் நிரப்பும் சாதனம்) பருமனாக இருக்கிறது என்றால் தட்டையான ரப்பர் பட்டையில் வரும் ஸ்பீட் ஸ்ட்ரிப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி ஒன்று உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும், இல்லை பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியில், அலமாரி உச்சியில், கைப்பைக்குள் என்ற மூன்றாவது இடமே கிடையாது, குழந்தைகள் வந்து போகும் வீடாக இருந்தால் கட்டாயமாகக் கிடையாது. கனமான ட்ரிகரை அவர்களால் இழுக்க முடியாது என்று நினைக்காதீர்கள், சிறு பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து அழுத்தி அதை இழுத்துவிடும். விரலால் எண் அழுத்தித் திறக்கும் சிறிய எஃகுப் பெட்டியைக் கட்டிலோடு கேபிளில் பிணைத்து வைத்தால் இருட்டிலும் சில வினாடிகளில் எடுக்கலாம், அதையும் ரிவால்வர் வாங்கும் அன்றே வாங்கி வந்துவிடுங்கள்.