கிளியர் கோட் பூசிய அலாய் வீல்களில் கீறலும் நீர்க்கறையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாய் வீல் ஒன்றைக் கையால் தடவிப் பார்க்கும்போது நாம் தொடுவது பெரும்பாலும் அலுமினியத்தை அன்று. அதன்மேல் பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சையே தொடுகிறோம். காரின் உடற்பகுதிக்கு மினுமினுப்பைத் தரும் பூச்சும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதன் தடிமன் சில பத்து மைக்ரான்களே, அதாவது ஒரு தலைமுடியின் கனத்தை ஒட்டியது. கீறலை நீக்குவது என்று நாம் சொல்வது, உண்மையில், கீறலின் அடிமட்டம்வரை அதைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துத் தாழ்த்துவதாகும். தேய்ந்த பூச்சு மறுபடி வளர்வதில்லை. வீலைப் பளபளப்பாக்க முயன்று கெடுத்துக்கொள்பவர்களில் பலரும் இந்த ஒன்றை மறந்துவிட்டு, வெறும் உலோகத்தைத் தேய்ப்பதாக எண்ணிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆகவே, எதைத் தேய்க்கிறோம் என்று அறியாமல் தேய்ப்பதே முதல் தவறு. இதற்குச் சோதனை எளியது. வீலின் உட்பக்கத்தில், கண்ணுக்குப் படாத ஓரிடத்தை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் பாலிஷ் சிறிதளவு தொட்டு மென்மையாகத் தேய்க்க வேண்டும். துணி கருமையாக மாறினால் அங்கே இருப்பது பூச்சில்லாத அலுமினியம். துணியில் பாலிஷின் நிறம் மட்டுமே தெரிந்தால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. பளபளப்பில்லாத மேட் வகைப் பூச்சாக இருந்தால் பாலிஷ் பக்கமே போகக் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கத் தொடங்கும். அந்தத் திட்டை மீண்டும் மங்கலாக்க வழியில்லை, முழுவதும் மறுபூச்சு பூச வேண்டியதுதான்.

அலுமினியம் என்ற பெயரைப் பார்த்ததும் உலோக பாலிஷை எடுத்துவிடுவது இதன் தொடர்ச்சியாக வரும் தவறு. அவற்றில் பல, வெறும் உலோகத்தின்மேல் படியும் ஆக்சைடை அறுத்தெடுப்பதற்கென்று தயாரிக்கப்பட்டவை. கிளியர் கோட்டின்மேல் அவை மங்கலையும் நுண்கீறல்களையும் விட்டுச்செல்லக்கூடும். இரும்பு நாரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இன்னும் மோசமானவை. பற்பசையைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அதில் சிலிக்காவோ கால்சியம் கார்பனேட்டோ தேய்ப்புப் பொருளாக இருப்பதால் ஓரளவு வேலை செய்வதுபோலத் தோன்றும். ஆனால் அந்தத் துகள்கள் பற்களுக்காக அளவிடப்பட்டவையே தவிர, பூச்சுக்காக அல்ல. கறையை மாயமாக நீக்கும் வெள்ளை மெலமின் பஞ்சும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றதே. மென்மையாக இருப்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடக் கூடாது.

கீறலை நீக்கத் தொடங்கும் முன்பே புதிய கீறல்களை உண்டாக்கிவிடுவது மிகப் பரவலாக நடக்கிறது. வீலில் படியும் கருந்தூசி சாதாரணப் புழுதி அன்று. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசும்போது உதிரும் இரும்புத் துகள்கள் அதில் நிறைய உள்ளன. சூடாக வந்து ஒட்டுவதால் அவை பூச்சில் பதிந்தும் விடுகின்றன. இந்த நிலையில் காய்ந்த துணியால் துடைத்தால், கூரிய துகள்களை வீல் முழுவதும் இழுத்துத் தேய்த்ததாகவே ஆகும். முதலில் நீரைப் பாய்ச்சித் தளர்ந்த தூசியை அகற்ற வேண்டும். பிறகு நடுநிலைத் தன்மையுள்ள ஷாம்பூ நீரில் நனைத்த மென்மையான தூரிகையால் கழுவ வேண்டும். பதிந்த இரும்புக்கென்று விற்கப்படும் நீக்கி, இரும்புடன் வினைபுரிந்து ஊதா நிறமாக மாறும். அதைக் குறித்த நேரத்துக்கு மேல் விடாமலும், காய விடாமலும் கழுவிவிட வேண்டும். வீலுக்குப் பயன்படுத்திய வாளியையும் துணியையும் காரின் உடற்பகுதிக்குக் கொண்டுபோகாமல் தனியே வைத்திருப்பது நல்லது.

ஓட்டி நிறுத்திய உடனே, வீல் சூடாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குவதும் தவறு. சூட்டில் நீர் ஆவியாகி, கழுவும் திரவம் செறிவடைந்து, பூச்சின்மேலேயே காய்ந்துவிடும். நீர்க்கறையை நீக்க வந்தவர் அதைவிடப் பிடிவாதமான கறையை உண்டாக்கிவிட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான். புறங்கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நிழலிலும் இருக்க வேண்டும்.

நீர்க்கறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் ஒரே பெயரில் இரண்டு வேறு கேடுகள் வழங்கிவருகின்றன. கடின நீர் காய்ந்தபின் எஞ்சும் கால்சியம், மக்னீசியம் உப்புகள் பூச்சின்மேல் வெள்ளை வளையங்களாகப் படிந்திருப்பது ஒன்று. அந்தப் படிவு நீண்ட நாள் வெயிலில் கிடந்து பூச்சையே அரித்து, சிறு குழியாகப் பதிந்துவிடுவது மற்றொன்று. முதலாவது, பூச்சின்மேல் வேறு பொருள் வந்து சேர்ந்ததால் வந்தது. இரண்டாவது, பூச்சே குறைந்ததால் வந்தது. முதலாவதைக் கரைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இரண்டாவதை எந்தத் திரவமும் கரைக்காது. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல், படிவை நகத்தாலோ பிளேடாலோ சுரண்டுபவர்களும், குழிமேல் மேலும் மேலும் அமிலம் ஊற்றுபவர்களும் பூச்சை ஒருசேர இழக்கிறார்கள்.

படிவுக்கு, 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள வெள்ளை வினிகரைச் சம அளவு நீரில் கலந்து, துணியை அதில் நனைத்துக் கறையின்மேல் ஒன்றிரண்டு நிமிடம் ஒற்றி வைத்தால் போதும். கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரையும். பிறகு தாராளமாக நீர் விட்டு அலசி, ஷாம்பூவால் ஒருமுறை கழுவிவிட வேண்டும். போகவில்லையென்றால் அதையே மறுமுறை செய்வதுதான் முறை. வினிகரை அரைமணி நேரம் ஊற விடுவது அன்று. கீறல் வழியாக எங்கேனும் உலோகம் வெளியே தெரிந்தால் அந்த இடத்தில் அமிலம் தங்கவே கூடாது. நீரில் சிலிக்கா மிகுந்திருந்தால் வினிகர் பயன் தராது. அங்கு மென்மையான பாலிஷே துணை.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்தமாகவே சொல்கிறேன். விரைவாக வேலை முடிய வேண்டும் என்று கடுமையான வீல் கிளீனர்களை நாடுபவர்கள், அவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃப்ளோரைடோ இருப்பதைக் கவனிப்பதில்லை. அவை பூச்சை மங்கச் செய்வது மட்டுமல்லாமல், தோல் வழியாக ஊடுருவி உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்பவை. பட்டவுடன் வலி தெரியாமலும் போகலாம். மறுபக்கம், சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த காரக் கிளீனர்களும் ஆபத்தானவையே. அலுமினியம் அமிலத்தோடு மட்டுமல்ல, காரத்தோடும் வினைபுரியும் உலோகம். பூச்சில் விரிசல் இருந்தால் காரம் உள்ளே புகுந்து உலோகத்தைக் கறுக்க வைக்கும். வினிகரைக் குளோரின் பிளீச்சோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. அந்தக் கலவையிலிருந்து நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளிப்படும்.

இனிக் கீறல்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல நகர்த்திப் பார்க்க வேண்டும். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் கீறல் பெரும்பாலும் பூச்சின் மேற்பரப்போடு நின்றுவிட்டது. பாலிஷுக்கு அது மசியும். நகம் சிக்கினால் கீறல் ஆழமானது. அதை முழுவதும் மறைக்கும்வரை தேய்ப்பது என்று பிடிவாதம் பிடித்தால் பூச்சு முடிந்து உலோகம் தெரியும். ஆழமான கீறலின் ஓரங்களை மழுங்கச் செய்து, ஒளி அதில் பட்டுத் தெறிப்பதைக் குறைத்துவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்வதில் தோல்வி ஏதும் இல்லை. இந்த நிதானம் இல்லாமல் நான் கெடுத்த வீல் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. மறைய மறுத்த ஒரே ஒரு கோட்டுக்காக உள்ளங்கை அளவு பூச்சைத் தேய்த்துத் தீர்த்தேன்.

எடுத்த எடுப்பில், பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் பசையான காம்பவுண்டையோ உப்புத்தாளையோ கையில் எடுப்பது, இந்த வேலையில் திருத்த முடியாத சேதத்தை மிக விரைவாகச் செய்வது. எப்போதும் நுண்ணிய பாலிஷிலிருந்து, மென்மையான ஃபோம் பேடால், கையகல இடத்தில் தொடங்க வேண்டும். அது போதாதபோது மட்டுமே ஒரு படி கடுமையான காம்பவுண்டுக்குச் செல்லலாம். சென்றால், முடிவில் நுண்ணிய பாலிஷுக்கே திரும்பி வர வேண்டும். ஈர உப்புத்தாள் கடைசி வழி. 2000, 3000 என எண் கூடக்கூடத் தாள் நுண்மையாகும் என்பதால், 600 போன்ற தாளில் தொடங்குவது சிறு கீறலுக்குப் பதிலாகப் பெரும் கீறல்களின் காட்டையே உண்டாக்குவதாகும். ஆரக்கால்களின் விளிம்புகளில் கூடுதல் கவனம் தேவை: வளைவின் முனையில் பூச்சு மெல்லியதாக இருப்பதோடு, கை அழுத்தமும் அங்கேதான் குவிகிறது. டிரில்லில் பஃப் எனப்படும் கூம்பு வடிவ மெருகேற்றும் திண்டைப் பொருத்தி வேகமாகச் சுழற்றுபவர்கள் முதலில் இழப்பது இந்த விளிம்புகளைத்தான், ஏனெனில் உராய்வுச் சூடு பூச்சை நொடிகளில் இளக்கிவிடும்.

பாலிஷ் போட்டதும் கீறல் மறைந்துவிட்டது என்று உடனே நம்புவதும் ஒரு தவறே. சில பாலிஷ்களில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் நிறைந்து அதைத் தற்காலிகமாக மறைக்கும். இரண்டு முறை கழுவியதும் கீறல் திரும்பிவிடும். நீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால், அதைக் கீறல் என்றோ நீர்க்கறை என்றோ எண்ணித் தேய்க்கவே வேண்டாம். அது பூச்சின் உடைந்த இடம் வழியாக ஈரமும் உப்பும் புகுந்து, அலுமினியத்தின்மேல் பரவும் அரிப்பு. மேலிருந்து எவ்வளவு பாலிஷ் போட்டாலும் கீழே இருப்பதைத் தொட முடியாது. லேத்தில் கடைந்து மினுமினுப்பாக்கிய முகப்புள்ள, டைமண்ட் கட் என்று சொல்லப்படும் வீல்களில் இது அடிக்கடி காணப்படும். பழைய பூச்சை முழுவதும் நீக்கி, மீண்டும் கடைந்து, புதிய கிளியர் கோட் பூசுவதே அதற்குத் தீர்வு. ஒவ்வொரு கடைசலிலும் உலோகம் குறைவதால் அதையும் பலமுறை செய்ய இயலாது. எனவே உலோகம் தெரியும் கீறலை, சிறியதாயினும், சுத்தம் செய்து உலர்த்தி, டச்-அப் பூச்சால் உடனே மூடிவிடுவது அவசியம். கடினப்படுத்தி கலந்த இரு கூற்றுக் கிளியரைத் தெளிப்பவர்கள் சாதாரணத் துணி முகக்கவசத்தை நம்பக் கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கடுமையான தீங்கு செய்யக்கூடியது.

நடைபாதை விளிம்பில் இடித்ததால் வந்த கீறலாக இருந்தால், அழகைப் பார்க்கும் முன் வீலின் வட்டத்தைப் பார்க்க வேண்டும். வளைவோ விரிசலோ இருக்கும் வீலை நிரப்பிப் பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது. அது தேர்ந்த பணிமனைக்குப் போக வேண்டியது. வீலைக் கழற்றி வேலை செய்வதாயின் காரை ஜாக்கின்மேல் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்டும் வைக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளைக் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். கழற்றாமல் செய்வதாயின், பாலிஷோ மெழுகோ பிரேக் டிஸ்க்கில் படாதபடி மூடிக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்தபின் பாதுகாப்புப் பூச்சுப் போடாமல் விடுவதால்தான் அதே கறை சில வாரங்களில் திரும்பிவருகிறது. வீலுக்கென உள்ள சீலன்ட், நீரையும் பிரேக் தூசியையும் எளிதில் ஒட்டவிடாது. ஆனால் எந்தச் சீலன்ட்டும் தானே உலர்ந்த கடின நீரிலிருந்து வீலை முழுவதும் காக்காது என்பதால், ஒவ்வொரு முறை கழுவியதும் நட்டுக் குழிகளிலும் ஆரக்கால்களின் பின்புறத்திலும் தேங்கிய நீரை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். பிறகு காரைச் சிறிது தூரம் மெல்ல ஓட்டி, பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி, டிஸ்க்கையும் உலர்த்திய பின்பே நிறுத்தி வைக்க வேண்டும்.