கொழும்பில் இருந்த ஓர்த்தடொக்ஸ் சபையின் வரலாற்றைத் தேடப்போகிறீர்களா?

கொழும்பில் ஓர்த்தடொக்ஸ் சபையா என்று ஆச்சரியப்படுபவர்கள்தான் அதிகம். 1892 மே 29 அன்று புதுக்கடை நல்மரண மாதா கோயிலில் ரெனே விலாத் என்பவரை ஆயராக அபிஷேகம் செய்தார் மார் யூலியுஸ் அல்வாரிஸ், கூட நின்றவர்களில் ஒருவர் கேரளம் இன்று புனிதராக வணங்கும் பருமலை மார் கிரிகோரியோஸ். அதே விலாத்தான் 1921இல் சிக்காகோவில், ஆபிரிக்க ஓர்த்தடொக்ஸ் சபையை நிறுவிய ஜோர்ஜ் மக்குவயரை அபிஷேகம் செய்தார், அந்தச் சபையின் வேர் இப்படிப் புதுக்கடை வரைக்கும் வருகிறது. இவ்வளவு பெரிய விஷயம் நம்முடைய ஆட்களுக்கே தெரியாமல் கிடப்பது எனக்குப் பெரிய மனக்குறை.

சரி, எங்கே தொடங்குவது? கட்டடத்தை விடுங்கள், முதலில் சண்டையைப் படியுங்கள். 1886இல் பாப்பரசர் 13ஆம் லியோவும் போர்த்துக்கலும் செய்த உடன்படிக்கையால் கோவாக் குருமாரின் கீழ் இருந்த இலங்கைக் கோயில்கள் உள்ளூர் ஆயர்களின் கைக்குப் போயின. அதை ஏற்காத கத்தோலிக்க மக்கள்தான், 1889இல் கோட்டயத்தில் ஓர்த்தடொக்ஸ் ஆயராக அபிஷேகம் பெற்ற கோவாக் குரு அல்வாரிஸின் பக்கம் நின்றார்கள். இது தெரியாவிட்டால் ஓர்த்தடொக்ஸ் ஆயரின் கீழ் இருந்த கோயிலில் ஏன் லத்தீன் பூசை நடந்தது என்று குழம்பிப்போவீர்கள்.

அப்புறம் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். அச்சிடும் நூல்களின் பிரதிகளை அரசிடம் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் 1885இல் வந்தது நமக்கு நல்ல காலம். ‘ஓர்த்தடொக்ஸ்’ என்ற பெயரில் மட்டும் தேடாதீர்கள், இந்தச் சபையாருக்கு இருந்த இன்னொரு பெயரான சுயாதீன கத்தோலிக்கர் என்றும் தேடுங்கள். சபையின் தலைவர்களில் ஒருவரான டொக்டர் லிஸ்போவா பின்ட்டோ 1893இல் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர், ஆகவே தொழிற்சங்கச் செய்திகளையும் விட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பான உரோமன் கத்தோலிக்கரின் பத்திரிகைகளைக் கட்டாயம் வாசியுங்கள். யாழ்ப்பாணத்துச் சத்தியவேத பாதுகாவலன் 1876இலிருந்தே வந்தது. தோற்றுப்போன சபையின் கடதாசிகள் காணாமல் போகும், ஆனால் வென்றவர்கள் திட்டி எழுதியதில் ஆள், இடம், தேதி எல்லாம் கிடைக்கும். திட்டை ஒதுக்கிவிட்டுத் தகவலை மட்டும் எடுங்கள்.

காணிப் பதிவகத்தில்தான் பொறுமை வேண்டும். கோயில் காணியின் உறுதிப் பத்திரம் கிடைக்கவில்லையா, பக்கத்துக் காணிகளின் உறுதிகளைப் பாருங்கள். நொத்தாரிசு எல்லை எழுதும்போது ‘வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே கோயில் காணி’ என்று நாலு பக்கமும் எழுதுவார், பத்து வருடம் கழித்து எழுதிய உறுதியில் அதே கிழக்கெல்லையில் வேறு பெயர் இருந்தால் கை மாறிய காலம் ஏறத்தாழப் பிடிபட்டுவிடும். சாட்சிக் கையெழுத்துகளையும் பிரதி எடுங்கள், சபையின் முக்கியமான ஆட்கள் பலர் அங்கேதான் இருப்பார்கள்.

கல்லறைக் கல்லில் சோக்கட்டி தேய்க்க வேண்டாம், கல் பழுதாகும். காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

வயதானவர்களிடம் கதையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் ஞானஸ்நானச் சீட்டு இருக்கிறதா, யார் குருவானவர் என்று அதில் போட்டிருக்கிறது என்று கேளுங்கள், சீட்டை அங்கேயே படம் எடுத்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுங்கள்.